பெயர் பெற்ற ஹோட்டல், ஊருக்கு வெளியே இடம்: நான்கு இரவு தங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. நான்கு இரவுக்கு ஒரு பெருநகரத்துக்குப் போகிறீர்கள்; கூட மனைவியும் எழுபதைக் கடந்த அம்மாவும் வருகிறார்கள். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஒரு சொகுசு செயின் ஹோட்டல், நகர மையத்திலிருந்து 14 கிலோமீட்டரில், ரிங் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மையத்தில் ஒரு சுமாரான ஹோட்டலுக்கு என்ன வாடகையோ, அதே வாடகைக்கு அங்கே அறை கிடைக்கிறது. அதே செயினுக்கு மையத்திலும் ஒரு ஹோட்டல் உண்டு, வாடகைதான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "பெயரை நம்பித் தூரத்தில் போய்த் தங்கலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது: தூரத்தைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது நேரத்தைப் பற்றி. அந்த ஹோட்டலில் நீங்கள் கண்விழித்திருக்கும் மணிகள் எத்தனை? அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விடுபடும்.

ஹோட்டல் மேலாண்மை படித்துவிட்டு இந்தத் தொழிலில் 18 ஆண்டுகள் இருந்தேன். முதல் ஏழு ஆண்டுகள் வரவேற்பு மேசை. அதன்பின் அறை வாடகையை நாளுக்கு நாள் ஏற்றி இறக்கும் ரெவின்யூ பிரிவு. நான் வேலை பார்த்ததில் இரண்டு ஹோட்டல்கள் நீங்கள் சொல்லும் அதே ரகம்: உள்ளே சகல வசதியும், வெளியே ஆறு வழிச் சாலையும். எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் அந்த ஊர் நெரிசலைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதை நீங்களே அளந்து பார்க்க வழி மட்டும் சொல்கிறேன்.

இவ்வளவு பெரிய பெயர் ஏன் இப்படி ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது என்ற சந்தேகம் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. ஹோட்டலில் ஏதோ குறை இருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைக்க வேண்டியதில்லை. இந்தப் பெரிய பெயர்களில் பல, ஊரின் ஓரத்தில்தான் பிறந்தன. மேரியட்டின் முதல் ஹோட்டல் 1957-இல் வாஷிங்டன் நகருக்குள் திறக்கப்படவில்லை. ஆற்றுக்கு எதிர்க்கரையில், ஆர்லிங்டனில், பாலத்தை ஒட்டிய நெடுஞ்சாலையோரத்தில், காரில் வருகிறவர்களை நம்பித் திறக்கப்பட்டது. அதே 1957-இல் தொழிலதிபர் ஜே பிரிட்ஸ்கர் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் பக்கத்தில் இருந்த ஹயாத் ஹவுஸ் என்ற விடுதியை வாங்கினார். இன்றைய ஹயாத் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஃபோர் சீசன்ஸின் கதை இன்னும் நேரடியானது. அதைத் தொடங்கிய இசடோர் ஷார்ப் 1961-இல் தன் முதல் ஹோட்டலைக் கட்டியது டொராண்டோவின் ஜார்விஸ் தெருவில். அன்று அது அவ்வளவு நல்ல பெயர் இல்லாத பகுதி. அதனால் கட்டடத்தையே தெருவுக்கு முதுகு காட்டி உள்முற்றத்தைப் பார்க்கும்படி அமைத்தார். நீச்சல் குளமும் செடிகொடிகளும் உள்ளே. வெளியே இல்லாததை உள்ளே உண்டாக்கித் தருவது என்ற யோசனை அங்கே தெளிவாகத் தெரிகிறது. 1967-இல் அட்லாண்டாவில் ஜான் போர்ட்மன் வடிவமைத்த ஹயாத் ரீஜென்சியில் கட்டடத்துக்குள்ளேயே 22 மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் முற்றமும் அதே யோசனையின் பிரம்மாண்ட வடிவம்தான். உள்ளே நுழைந்தவருக்கு வெளியே போகத் தோன்றக்கூடாது. உங்கள் ரிங் ரோடு ஹோட்டலும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஆனால் நீங்கள் போவதோ வெளியே சுற்றிப் பார்க்க. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. வாசலில் பெயர் இருக்கிற செயினுக்கு அந்தக் கட்டடம் சொந்தமாக இருப்பது அரிது. நிலமும் கட்டடமும் ஒருவருடையது. பெயர், பயிற்சி, முன்பதிவு அமைப்பு, பல இடங்களில் நிர்வாகமும் செயினுடையது. மேரியட் 1993-இல் தன் நிறுவனத்தையே இரண்டாகப் பிரித்து, கட்டடங்களை ஒரு கம்பெனியிலும் ஹோட்டல் நடத்துவதை இன்னொரு கம்பெனியிலும் வைத்தது; இந்த முறை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆகவே ஹோட்டல் எங்கே வருகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, நிலம் வைத்திருப்பவரின் கணக்கு. பெரிய விருந்து மண்டபம், மாநாட்டு அரங்கு, முந்நூறு கார் நிறுத்தும் இடம், எல்லாம் ஒரே வளாகத்தில் வேண்டும் என்றால் நகர மையத்தில் நிலம் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அலுவலகப் பூங்காவும் விமான நிலையச் சாலையும் அவர்களுக்குப் பொருத்தமான இடங்கள். வாரநாளில் தங்கும் அதிகாரிக்கு அலுவலகம் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அவருக்கு அந்த இடம் தூரமே இல்லை.

வாடகை குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். அலுவலகங்களை நம்பியிருக்கும் ஹோட்டலில் செவ்வாய், புதன் இரவுகளில் அறை கிடைப்பது கடினம். வெள்ளி மாலை அதிகாரிகள் பெட்டியோடு கிளம்பிவிட்டால் பாதிக் கட்டடம் இருட்டாகிவிடும். காலியாகக் கிடக்கும் அறையின் அந்த இரவை மறுநாள் விற்க முடியாது. எனவே ரெவின்யூ பிரிவில் உட்கார்ந்திருப்பவர் சுற்றுலாப் பயணியை இழுக்க வாடகையை இறக்குவார். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ முறை இறக்கியிருக்கிறேன். மெத்தை அதேதான், துண்டு அதேதான், ஊழியர்களின் பயிற்சியும் அதேதான். குறைந்த வாடகை குறைந்த தரத்தைக் காட்டவில்லை. இடத்தின் அசௌகரியத்துக்கான விலையைக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் காட்டுகிறார்கள். அந்தக் கழிவு உங்களுக்குப் போதுமானதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் வரவேற்பு மேசையில் இருந்த காலம். அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, மூன்று இரவுக்கு வந்தார்கள். செக்-இன் செய்யும்போதே குழந்தையின் கழுத்தில் நீச்சல் கண்ணாடி தொங்கியது. கூரைமேல் இருக்கும் குளத்தைப் படத்தில் பார்த்துத்தான் இந்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தோம் என்றார் அப்பா. முதல் நாள் இரவு ஒன்பதேகாலுக்கு நகரத்திலிருந்து திரும்பினார்கள். "குளம் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டார். "எட்டு மணிக்கே மூடிட்டாங்க சார்" என்றேன். மறுநாள் கொஞ்சம் சீக்கிரம், எட்டரைக்கு வந்தார்கள், வழியில் நெரிசலாம். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை, குழந்தை மட்டும் என் முகத்தைப் பார்த்தது. மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டுதான் வந்தார். குழந்தை தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தது. கிளம்பும் நாள் காலை, பில் அச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில், "அங்கிள், குளத்தை ஒருவாட்டி பாத்துட்டு மட்டும் வரட்டுமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. நானே மேலே கூட்டிப்போனேன். குனிந்து கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துவிட்டு வந்தாள். கீழே டாக்ஸி நின்றுகொண்டிருந்தது.

அந்தக் குடும்பம் ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து வாடகை கொடுத்துவிட்டு, அவர்கள் பயன்படுத்தியது படுக்கையை மட்டும். தூரத்து சொகுசு ஹோட்டலில் நடக்கும் உண்மையான நஷ்டம் இதுதான், பயணக் கட்டணம் இரண்டாம்பட்சம். மையத்தில் தங்குகிறவர் காலையில் போய், மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டி, குளித்து, மாலையில் மறுபடி கிளம்பலாம். 14 கிலோமீட்டர் தள்ளித் தங்குகிறவருக்கு அந்த மதியத் திரும்பல் இல்லை. காலையில் கிளம்பினால் இரவுதான். எனவே ஹோட்டல் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்கு அது வீணாகிறது. எளிய ஹோட்டலைத் தூரத்தில் எடுத்தால் இழப்பு சிறியது. சொகுசு ஹோட்டலைத் தூரத்தில் எடுத்துவிட்டு நாள் முழுக்க வெளியே இருந்தால் இழப்பு பெரியது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

கணக்காகப் பார்ப்போம். நெரிசல் நேரத்தில் அங்கிருந்து மையத்துக்கு 55 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மையத்திலேயே தங்கினால் பார்க்க வேண்டிய இடங்களுக்குச் சராசரி 15 நிமிடம். ஒரு வழிக்கு 40 நிமிட வித்தியாசம், போய்வர 80. நடுவில் மூன்று முழு நாட்கள் என்றால் 4 மணி நேரம். அது ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை போய்வந்தால். மதியம் ஒரு முறை திரும்பினால் 8 மணி நேரம், அதாவது விடுமுறையின் ஒரு முழுப் பகல். இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர்கள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று வாதிட்டார். இது இயற்கை விதி இல்லை, தோராயமான ஒரு சராசரி. ஆனாலும் வரவேற்பு மேசையில் நான் பார்த்ததோடு அது நன்றாகவே பொருந்துகிறது. போக அரை மணி, வர அரை மணி என்றால் விருந்தினர் யாரும் இடத்தைப் பற்றிப் பேசியதில்லை. முக்கால் மணி தாண்டினால் இரண்டாம் நாளே முகத்தில் தெரிந்துவிடும்.

காத்திருக்கும் நேரத்தைத் தனியாக எண்ணுங்கள். போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள், நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தையும் நடக்கும் ஒரு நிமிடத்தையும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமாகக் கணக்கிடுவது வழக்கம். பயணிகள் அப்படித்தான் உணர்கிறார்கள். தூரத்து ஹோட்டலில் காத்திருப்பு இரண்டு இடங்களில் வரும். ஒன்று, ஹோட்டல் ஷட்டில், அதாவது விருந்தினர்களை ஏற்றி இறக்க ஹோட்டலே விடும் வண்டி. "இலவச ஷட்டில் உண்டு" என்ற வரியைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். அது எங்கே போகிறது, விமான நிலையத்துக்கா நகரத்துக்கா, ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை இருக்கை, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமா, கடைசி நடை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நகரத்துக்குக் காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்பதுதான் நான் அதிகம் பார்த்தது. இரண்டாவது, செயலியில் கூப்பிடும் டாக்ஸி. ஹோட்டலிலிருந்து நகரத்துக்குப் போக வண்டி கிடைத்துவிடும். இரவு நகரத்திலிருந்து ரிங் ரோட்டுக்குத் திரும்புவதுதான் பாடு. அங்கே இறக்கிவிட்டால் திரும்பும் சவாரி கிடைக்காது என்று ஓட்டுநருக்குத் தெரியும். இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்வார், அல்லது கூடுதலாகக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெறும் வண்டியோடு 14 கிலோமீட்டர் திரும்ப வேண்டியவர் அவர்தான். அம்மாவை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு நடைபாதையில் நின்றபடி மூன்றாவது வண்டிக்குக் காத்திருப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முன்பதிவுத் தளங்களில் "மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் வரைபடத்தில் கோடு போட்டு அளந்த நேர்த்தூரம். நடுவில் ஆறு இருக்கலாம், ரயில் தண்டவாளம் இருக்கலாம், ஒருவழிப் பாதை இருக்கலாம். சாலைத் தூரம் அதைவிட எப்போதும் கூடுதல்தான். அதனால் எண்ணை விட்டுவிடுங்கள். வரைபடச் செயலியில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்து, காலை எட்டரைக்குப் புறப்பட்டால் எவ்வளவு, மாலை ஆறு மணிக்குத் திரும்பினால் எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். செயலி ஒரு வீச்சாகத்தான் காட்டும், "35 முதல் 70 நிமிடம்" என்பதுபோல. அதில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, ஹோட்டல் வாசலிலிருந்து சாலைவரை விரலால் நடந்து பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில், ஏழாம் மாடி ஜன்னலில் நின்றால் எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடையின் பச்சை விளக்கு தெரியும். அதிகம் போனால் இருநூறு மீட்டர். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை, இடையில் ஆளுயரக் கம்பி வேலி. நடைமேம்பாலத்துக்குப் போய் ஏறி இறங்கி வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் நடைபாதை பாதியில் முடிந்து மண்ணாகிவிடும். ஒரு தலைவலி மாத்திரைக்காகக் கீழே வந்த பெரியவருக்கு, ஹோட்டல் காரை அனுப்பி வாங்கி வரச் சொன்னோம். அவருக்கு அது சங்கடமாக இருந்தது. நடந்து வெளியே போக முடியாத ஹோட்டலில் சின்னச் சின்னத் தேவை ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கும். சிலருக்கு அது சுகம். சிலருக்கு மூன்றாம் நாள் மூச்சுமுட்டும்.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான்: வெளியே நடந்து போக எதுவும் இல்லையென்றால் உள்ளே என்ன விலையோ அதுதான். காலை உணவு வாடகையில் சேர்ந்ததா என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் சேர்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது அந்த செயினின் ஆரம்ப நிலை உறுப்பினர் அட்டை. அதற்கு அறையின் தளத்தை மாற்றித் தருவது, கொஞ்சம் கூடுதல் பாயிண்ட் என்ற அளவில்தான் கிடைக்கும். இலவசக் காலை உணவும், சிற்றுண்டியோடு உட்கார்ந்து ஓய்வெடுக்கும் தனி அறையான லவுஞ்சும் மேல்நிலை உறுப்பினர்களுக்கானவை. மேரியட்டின் உறுப்பினர் திட்டமான பான்வாயில் பிளாட்டினம், ஹயாத்தின் திட்டத்தில் குளோபலிஸ்ட் போன்ற நிலைகளில், கிளம்பும் நாளில் மாலை 4 மணி வரை அறையை வைத்துக்கொள்ளும் சலுகை உண்டு, ரிசார்ட் போன்ற சில வகை ஹோட்டல்களில் மட்டும் அது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. அந்த நிலையில் இருப்பவருக்குத் தூரத்து ஹோட்டல் கொஞ்சம் லாபம்தான், ஏனென்றால் காலியாக இருக்கும் நாளில் பெரிய அறை கிடைக்க அங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் லவுஞ்சைப் பாருங்கள்: மாலைச் சிற்றுண்டி நேரம் பல ஹோட்டல்களில் ஆறிலிருந்து எட்டு வரை. நகரத்திலிருந்து எல்லோரும் திரும்பும் நெரிசல் நேரமும் அதுவே. எத்தனை பேர் எட்டே கால் மணிக்கு மூச்சிரைக்க வந்து, மேசை துடைப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னதால் அப்படிப்பட்ட ஹோட்டல் யாருக்கும் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், நான் பார்த்த மிக நிறைவான விருந்தினர்களில் பலர் அங்கே தங்கியவர்கள்தான். அவர்கள் ஹோட்டலுக்காகவே வந்தவர்கள். ஒரு தம்பதி வருடத்துக்கு ஒரு முறை இரண்டு இரவுக்கு வருவார்கள்; ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். குளம், புத்தகம், தூக்கம். அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வுக்கு வந்த ஓர் அம்மா, காலையும் மாலையும் தோட்டத்தில் நடப்பார். விடியற்காலை விமானம் பிடிப்பவர்கள், பக்கத்து அலுவலகத்தில் வேலை உள்ளவர்கள், சொந்தக் காரில் வந்து நிறுத்த இடம் தேடுபவர்கள், மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் கூடி இரண்டு நாள் பேசிக்கொண்டிருக்க விரும்பும் குடும்பங்கள், இவர்களுக்கெல்லாம் மைய ஹோட்டலைவிட இதுதான் நல்லது. டோக்கியோவில் 1994-இல் திறந்த பார்க் ஹயாத், ஷின்ஜுகு பார்க் டவரின் உச்சி மாடிகளில் இருக்கிறது. ஷின்ஜுகு ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ரயில் நிலையத்தின் தலைமேலேயே ஹோட்டல்கள் இருக்கும் ஊரில் அது கொஞ்சம் விலகிய இடம்தான். ஆனாலும் அந்த உயரத்துக்கும் அமைதிக்கும் அந்த ஜன்னலுக்கும் என்றே விருந்தினர்கள் தேடிப் போனார்கள். நாளின் பாதியை ஹோட்டலுக்குள் கழிக்க விரும்பினால், விலகிய இடம் குறையாகவே தெரியாது.

ஒன்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்ல வேண்டும்: "அசௌகரியமான இடம்" என்று விமர்சனங்களில் படிப்பது. அது எழுதிய காலத்துக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம். லண்டனின் கேனரி வார்ஃப் பகுதியை ஒரு காலத்தில் எட்டாத மூலை என்பார்கள். 1999-இல் ஜூபிலி ரயில் தடம் அங்கே வந்தது, 2022-இல் எலிசபெத் தடமும் வந்தது. இன்று அங்கிருந்து மையத்துக்குப் போவது கார் வைத்திருப்பவர்களைவிட ரயிலில் போகிறவர்களுக்கு எளிது. ஒரு மெட்ரோ நிலையம் திறந்தால் மூன்று வருடத்துக்கு முந்தைய விமர்சனங்கள் எல்லாம் பழசாகிவிடும். நேர்மாறாகவும் நடக்கும்: மெட்ரோ கட்டுமானம் நடக்கிற வருடங்களில் வாசல் சாலை பாதியாகக் குறுகி, நல்ல இடமும் கெட்ட இடமாகும். அதனால் கடைசி ஆறு மாத விமர்சனங்களை மட்டும் படியுங்கள். அவற்றிலும் தூரத்தைப் பற்றிய வரியைப் படிக்கும்போது, எழுதியவர் எதற்காக வந்தார் என்று பாருங்கள். அலுவலக வேலையாக வந்தவர் "அருமையான இடம்" என்று எழுதியிருந்தால் அது அவருக்கு அருமை.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் ஐந்து இடங்கள், ஐந்தும் மையத்தில். அம்மா மதியம் படுத்து எழுந்தால்தான் மாலையில் நடமாட முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். மதியத் திரும்பல் இல்லாத இடம் உங்களுக்குச் சரிவராது. முதல் மூன்று இரவு மையத்தில் தங்குங்கள். செயினின் விலை கூடிய ஹோட்டல் வேண்டாம். சுமாரான ஹோட்டலே போதும், ஆனால் லிஃப்ட், குளியலறையில் வழுக்காத தரை, அம்மாவின் அறை உங்கள் அறைக்குப் பக்கத்தில், இந்த மூன்றையும் எழுத்தில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். நட்சத்திரத்தைவிட இவை உங்களுக்கு முக்கியம். நான்காவது இரவுக்கு மட்டும் ரிங் ரோடு ஹோட்டலைப் பதிவு செய்யுங்கள். உங்கள் திரும்பும் விமானம் காலை பத்தரைக்கு. விமான நிலையம் அந்தப் பக்கம்தான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாளைச் சுற்றுவதற்கு வைக்காமல் ஹோட்டலுக்கே கொடுங்கள். மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் குளம், தோட்டம், நல்ல மெத்தை எல்லாமே உங்களுக்குக் கிடைக்கும்.

ஹோட்டல் மாறுவதில் ஒரு தொல்லை உண்டு, மறைக்கவில்லை. பெட்டி கட்ட வேண்டும், பன்னிரண்டு மணி வாக்கில் ஓர் அறையை விட்டு இன்னோர் அறை கிடைக்கும்வரை நடுவில் அல்லாட வேண்டும். அம்மாவின் உடம்புக்கு அந்த ஒரு மாற்றமே அதிகம் என்று நீங்கள் நினைத்தால் நான்கு இரவும் மையத்திலேயே இருந்துவிடுங்கள், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான். மாறுவதாக இருந்தால், இரண்டாம் ஹோட்டலுக்கு முந்தைய நாளே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வயதானவர் வருகிறார், ஒரு மணிக்கு வந்துவிடுவோம், முதலில் அவருடைய அறையை மட்டுமாவது தயார் செய்து வைக்க முடியுமா என்று. காலையில் டியூட்டி மேனேஜர் வருகைப் பட்டியலைப் பார்க்கும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கும். அப்படிக் குறிப்பு இருக்கும் அறையைத்தான் நாங்கள் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுவோம்.